பனி நாட்டுக்கு அன்னையை அழைக்கலாமா?

இமாசலப் பிரதேசத்துக்கு மாற்றலாகிச் செல்லவிருக்கும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்குக் கடிதம் விடுத்திருந்தார். தஞ்சை மாவட்டத்தில் தனியே வாழும் எழுபது வயதுத் தாயாரை உடன் அழைத்துச் செல்லலாமா, செல்லின் எப்பொழுது அழைப்பது என்பதே அவர் கேள்வி. கம்பளிச் சட்டை எத்தனை வேண்டும் என்று கேட்போர் பலர்; இவ்வாறு கேட்டவர் இவர் ஒருவரே. ஆதலின் இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் இவ்வொரு கேள்விக்கே ஒதுக்கினோம். நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறாமல் இதற்கு விடை கூற இயலாது, நேயர்கள் பொறுத்தருள்க.

இமாசலம் முழுதும் பனி என்று எண்ணுவது பிழை. தாழ்ந்த பகுதியான ஊனாவில் வெயில் நம் வேலூரை நினைவூட்டும். லாஹூலிலோ, ரோத்தாங் கணவாய் மூடியபின் ஆண்டில் ஏறக்குறையப் பாதி வெளியுலகத் தொடர்பே அற்றிருந்தது; 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறந்த பின்னரே அந்நிலை மாறிற்று. ஆகவே மாற்றல் உத்தரவில் ஊரின் பெயரைக் கண்டதும் அதன் உயரத்தை முதலில் விசாரித்தறிக. இன்னொன்று, இது கிராமங்களின் நாடு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிற்றூர்களில் வாழ்பவர். தில்லியிலும் பம்பாயிலும் நம்மவர் தெருவொன்றைத் தேடிக் குடியேறியது போல் இங்கே செய்ய இயலாது. பக்கத்து வீட்டார் மலைநாட்டாராகவே இருப்பர். அவரே நமக்கு உற்றார்.

நாம் 2014ஆம் ஆண்டு ஆவணியில் குலு பள்ளத்தாக்கில், நக்கருக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில் குடியேறினோம். ஐப்பசியில் அன்னையாரை அழைத்து வந்தோம். இதுவே நாம் செய்த முதற் பிழை. மலை தன் பசுமையை இழந்து, வால்நட் மரங்கள் இலையுதிர்த்து, பகற்பொழுது சுருங்கத் தொடங்கும் வேளையில் வந்த முதியவர் இந்நாட்டின் இன்முகத்தைக் காண்பதேயில்லை. அவர் கண்டதெல்லாம் சாம்பல் நிற வானமும், மூடிய கதவுகளும், ஊரில் கொண்டுவந்த தேங்காயெண்ணெய் புட்டியில் கல்லாய் உறைந்து நின்றதுமே. மாவு புளிக்கவில்லை. வைகறை நீராட்டு நின்றது. மொழி தெரியாத தெருவில் பேசுவதற்கு ஆளில்லை. நாமோ பகலெல்லாம் அலுவலகத்தில், பிள்ளைகள் பள்ளியில்.

நாம் தேர்ந்தெடுத்த வீடும் தவறானதே. ஆவணியில் பார்க்கையில் காற்றோட்டமும் ஆற்றின் காட்சியும் கண்டு மயங்கினோம். மேற்கு நோக்கிய சரிவாதலின் மார்கழியில் கதிரவன் மலைமுகட்டைத் தாண்டி முற்றத்துக்கு வரும்போது காலை கழிந்துவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இந்நாட்டில் வீடு பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்குமுன், மார்கழியில் வெயில் எத்தனை மணிக்கு வாயிற்படி ஏறும் என்று கேட்க வேண்டும். மலைநாட்டார் இதனை நன்கறிவர். மரத்தையும் கல்லையும் மாறி மாறி அடுக்கி, சாந்தின்றி அவர்கள் எழுப்பும் காத்குணி வீடுகளில் கீழ்த்தட்டு மாடுகளுக்கு, மேல்தட்டு மனிதருக்கு. கீழிருந்து எழும் கால்நடைகளின் வெப்பம் மேலே தரையைக் காக்கும். நக்கர்க் கோட்டை இம்முறையில் அமைந்தது. 1905ஆம் ஆண்டின் காங்க்ரா நிலநடுக்கத்தையும் கடந்து இன்றும் நிற்கிறது. நாம் குடியிருந்ததோ சிமெண்ட் வீடு. அதன் சுவர் இரவெல்லாம் குளிரை உமிழும்.

நிற்க. மார்கழி முதல் வாரத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். அன்னையார் அறையில் குளிர் பொறுக்கவில்லையென்று கடைத்தெருவில் ஒரு கணப்புச் சட்டி வாங்கிக் கரி மூட்டி வைத்தோம். இங்கே அதனை அங்கீட்டி என்பர். சன்னலிடுக்குகளில் காற்று நுழையாதபடி காகிதம் ஒட்டினோம். மிகவும் சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாக மகிழ்ச்சியும் கொண்டோம். விடியற்காலையில் அன்னையார் தலைவலியென்றார். சிறிது உறங்கினால் தீரும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தோம். அக்கதவை நம் கையாலேயே சாத்தினோம் என்பதை இன்றும் மறக்க இயலவில்லை.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மூதாட்டி, "அம்மா எங்கே?" என்று கேட்டார். உறங்குகிறார் என்றோம். "கரி உள்ளே இருக்கிறதா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. விடைக்குக் காத்திராமல் உள்ளே சென்று சட்டியை வெளியே எறிந்தார். காகிதத்தைக் கிழித்துச் சன்னல்களைத் திறந்தார். அன்னையாரைப் பாயோடு இழுத்து முற்றத்துப் பனிக்காற்றில் கிடத்தினோம். வாந்தியெடுத்துக் கண்விழித்தார். மருத்துவமனையில் ஒரு பகலும் இரவும் உயிர்க்காற்று அளித்தபின் தேறினார்.

புகையற்று எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், அயர்வு, பிறகு உறக்கம். அவ்வுறக்கத்திலிருந்து மீளாதவர் பலர். மூடிய அறையில் கணப்புச் சட்டி ஒருநாளும் கூடாது. மலைநாட்டார் வைத்திருக்கும் தகர அடுப்பைத் தந்தூர் என்பர். அதற்குக் கூரைக்கு மேலே செல்லும் புகைபோக்கிக் குழாய் உண்டு. நாமும் அதனையே வாங்கினோம். ஆண்டுக்கொருமுறை குழாயைக் கழற்றிக் கரியைத் தட்டுவது அவசியம். படுக்குமுன் நெருப்பை அணைத்துவிடுவதும் அவசியம்.

தேறியதும் அன்னையார், "என்னை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடப்பா" என்றார். கோபமில்லை, அதுதான் நம்மைச் சுட்டது. இவ்வுயர்ந்த பகுதிகளில் பள்ளிகளின் நீண்ட விடுமுறை பெரும்பாலும் கோடையில் அன்று, குளிர்காலத்தில். நாட்கள் இடத்துக்கிடம் வேறுபடும். பிள்ளைகளைச் சேர்க்கும்போதே கேட்டறிக. அவ்விடுமுறையில் பொங்கலுக்கு ஊர் சென்று அவரை விட்டு வந்தோம். சித்திரை வெயிலில் உறவினர் பிள்ளைகளெல்லாம் கூடும்போது நம் பிள்ளைகள் பள்ளியில் இருப்பர் என்பது குறையே. ஆயினும் பொங்கலை ஊரில் காணும் பேறு தில்லிவாழ் அன்பர் பலருக்குக் கிட்டாதது.

அன்னையார் ஓராண்டு வரவில்லை. பிறகு 2016ஆம் ஆண்டு பங்குனியில் தாமே வருவதாகச் சொல்லியனுப்பினார். பக்கத்து வீட்டு மூதாட்டியைப் பார்க்க வேண்டுமாம். இம்முறை ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன. பக்கத்து வீட்டில் புராம்ஷ் என்னும் செந்நிற மலைப்பூவைத் துவையலரைத்து வைத்திருந்தனர். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. இந்நாட்டு மலைப்பேச்சில் தாயை அம்மா என்றழைப்பதுண்டு. அவ்வொரு சொல்லை வைத்துக்கொண்டே இருவரும் முற்பகல் முழுதும் பேசினர்.

சமையலும் அவ்வாறே வழிக்கு வந்தது. இவ்வுயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் மசியாது, குக்கர் இன்றியமையாதது. இட்லி மாவைப் பொறுத்தவரை நாம் கேள்விப்பட்ட உபாயங்கள் பல. அன்னையார் கண்ட வழி இது: வெந்நீர் விட்டு அரைத்து, மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள அண்டாவில் இறக்கி, ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையால் சுற்றித் தந்தூர் அருகே எட்ட வைப்பது. குளிர்நாளில் இருபது மணி நேரமேனும் ஆகும். அவசரப்படுபவர் தோசையோடு திருப்தியடைக. மூதாட்டி இதைக் கண்டு நகைத்து, தம் வீட்டுச் சித்துவைக் கொண்டுவந்தார். கோதுமை மாவைப் புளிக்கவைத்து, வால்நட்டும் கசகசாவும் உள்ளே பொதிந்து, ஆவியில் வேகவைத்து நெய்யோடு உண்பது. "கோதுமைக் கொழுக்கட்டை" என்று அன்னையார் பெயரிட்டார். நம்மூர்க் கொள்ளு இங்கே குல்த். குளிருக்கு நல்லதென்று அவர்களும் உண்கின்றனர். புளி அருமை, ஊரிலிருந்து வரும்போது ஐந்து கிலோவாகவே கொண்டு வருக.

காலுறைதான் பெருந்தொல்லை. பூசையறையிலும் அடுக்களையிலும் செருப்பணிய அன்னையார் உடன்படவில்லை; வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நின்றதனாலேயே முதலாண்டு அவர் பாதங்கள் வீங்கி வெடித்தன. குலுவில் பூலா என்றொரு காலணி உண்டு. சணலினச் செடியின் நாரில் பின்னுவது, தோல் கிடையாது. ஆதலின் கோயிலுக்குள்ளும் அடுக்களையிலும் அதனை அணிவது இங்கே வழக்கம். மூதாட்டி ஒரு சோடி பின்னிக் கொடுத்தார். பல்லாண்டாய் நடக்கும் வழக்கு என்று கேட்டபின் அன்னையார் மறுப்புச் சொல்லவில்லை.

புரட்டாசி ஐப்பசியில் குலு தசரா. பிறவிடங்களில் முடியும் விஜயதசமியன்று இங்கே தொடங்கி ஒரு வாரம் நடக்கிறது. ஊருக்கோர் தெய்வமாகப் பல்லக்குகளில் வந்து ரகுநாதரை வணங்கும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் அருள்வந்து வாக்குச் சொல்லும் ஒருவர் உண்டு, குர் என்பர். அவரைக் கண்டதும் அன்னையார், "நம்மூர்ச் சாமியாடிதானே!" என்றார். அன்றுமுதல் இவ்வூரைப் பற்றி "உங்கள் ஊர்" என்று அவர் கூறி நாம் கேட்டதில்லை. "இந்த ஊர்" என்கிறார். "நம் ஊர்" என்பது தஞ்சைக்கே உரியது. அதை நாம் எதிர்பார்ப்பதுமில்லை.

அன்பருக்கு நம் விடை இதுவே. தாயாரை அழைத்து வருக. ஆனால் ஐப்பசியில் அன்று, பங்குனியில். அதற்குமுன் நீங்கள் ஒரு குளிர்காலம் தனியே கழித்து, வீட்டின் வெயிலையும் தந்தூரையும் அண்டை வீட்டாரையும் அறிந்து வைத்திருங்கள். குளிரில் குருதிக்குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயரும். புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து கொள்க. கார்த்திகை பிறந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுக. நம் அன்னையார் 2016 முதல் இவ்வாறே போய் வருகிறார். மழைக்காலத்தில் ஒரு மாத அரிசி பருப்பும் மருந்தும் வீட்டில் இருக்கட்டும். 2023 ஜூலையில் பியாஸ் நதி பெருகிச் சாலைகளை அடித்துச் சென்றபோது நமக்கு உதவியது அதுவே. குளிர்கால இரவுகளில் குழாயைச் சிறிது சொட்டவிட்டுப் படுங்கள்; முற்றும் மூடினால் நீர் உறைந்து குழாய் வெடிக்கும்.

இக்கடிதத்தைத் தொலைபேசியில் அன்னையாருக்குப் படித்துக் காட்டினோம். குளிரைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. அன்பருடைய தாயாரின் பாதத்தை ஒரு தாளில் வைத்துக் கோடிழுத்து அனுப்பச் சொன்னார். பங்குனிக்குள் மூதாட்டியிடம் சொல்லி ஒரு சோடி பூலா பின்னி வைப்பாராம்.