மஞ்சளாவது கார்பன் அல்ல

"கார்பன் மஞ்சளாயிட்டா அவ்ளோதான் சார். ஒண்ணும் பண்ண முடியாது. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடுங்க."

விலை உயர்ந்த கார்களைக் கவனிக்கும் பட்டறைகளில் பல ஆண்டுகளாக ஒலிக்கும் வாசகம் இது. சொல்பவர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, வாசகம் மட்டும் மாறுவதில்லை. வெயிலில் நின்று மங்கிய கார்பன் இழை பானெட், ஓரத்தில் தோல் உரிந்த ஸ்பாய்லர், பால் படிந்ததுபோல் வெளுத்த கூரை என எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இதே தீர்ப்புதான். உரிமையாளரும் பெருந்தொகை கொடுத்துப் புதியதை வாங்குகிறார். உறுதி சற்றும் குறையாத பழைய பாகம் பட்டறையின் பின்சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இந்தத் தீர்ப்பைத் தாங்கி நிற்பவை ஐந்து வாதங்கள். ஐந்துமே தவறு.

முதலாவது, வெயில் பட்டுக் கார்பன் கெட்டுவிட்டது என்பது. கார்பன் இழை பிறக்கும் இடமே உலை. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை இழையைக் காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை பதப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் புகாத உலையில் 1000 டிகிரிக்கும் மேல் சூடாக்குகிறார்கள். மற்றவை பெரும்பாலும் ஆவியாகிப் போக, கரி மிஞ்சுகிறது. அந்த இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான், அதாவது தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கார்களில் அதிகம் காணும் '3கே' நெசவில் ஒரு கற்றைக்கு 3000 இழைகள். உலையில் வெந்து கறுத்த இந்தக் கரியை வெயில் மஞ்சளாக்கிவிட்டது என்பது நம்பும்படியாக இல்லை.

மஞ்சளாவது இழைகளைப் பிணைத்திருக்கும் எபாக்சி ரெசினும், அதன்மேல் பூசிய கிளியர் கோட்டும்தான். எபாக்சியில் உள்ள பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைந்து, மஞ்சள் நிறச் சேர்மங்களாகின்றன. அதைத் தடுக்கத்தான் புற ஊதாவை உறிஞ்சும் பொருள்கள் கலந்த பாலியூரிதேன் கிளியர் கோட்டை மேலே பூசுகிறார்கள். அதன் தடிமன் பெரும்பாலும் 50 மைக்ரானை ஒட்டியே இருக்கும். கேடு அந்த மெல்லிய படலத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். மூக்குக்கண்ணாடி கீறிவிட்டால் கண்ணையே மாற்றச் சொல்லும் மருத்துவர் யாரும் இல்லை.

இரண்டாவது, "பஃபிங் போட்டுப் பார்த்தோம், போகல" என்பது. போகாதுதான். பஃபிங் மேலிருந்து ஒருசில மைக்ரானை மட்டுமே எடுக்கும். உரிந்துபோன படலத்தை அது திருப்பிக் கொண்டுவராது.

மூன்றாவது வாதத்துக்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். உப்புத்தாள் பட்டால் இழை அறுந்து பாகத்தின் பலம் போய்விடுமாம்.

இதற்கு முதல் பதில் வானத்தில் இருக்கிறது. 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கூட்டுப்பொருள். அதன் உடற்பகுதியே கார்பன் இழையால் ஆனது. நிறுவனத்தின் வண்ணம் மாறும்போதும் பூச்சு பழசாகும்போதும் அந்த உடலைத் தூக்கி எறிவதில்லை. எபாக்சியைத் தின்னும் மெத்திலீன் குளோரைடு போன்ற கரைப்பான்களைத் தவிர்த்துவிட்டு, பழைய பூச்சைத் தேய்த்தெடுத்து மறுபடி பூசுகிறார்கள். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைச் சுமக்கும் உடலுக்குப் பொருந்தும் முறை, என்ஜினை மூடிக் கிடக்கும் பானெட்டுக்கு ஏன் பொருந்தாது?

இரண்டாவது பதில், தேய்க்கும்போது வழியும் தண்ணீரில் இருக்கிறது. விவரம் தெரிந்த பெயின்டர் ஒருவர் மங்கிய பானெட்டில் வேலை தொடங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். ஓரங்களிலும் மடிப்பு விளிம்புகளிலும் பூச்சு மெலிந்திருக்கும் என்பதால் முதலில் அங்கெல்லாம் டேப் ஒட்டுகிறார். 600 எண் வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, நீர் தெளித்து, அழுத்தாமல் இழுக்கிறார். கட்டைக்கு அடியிலிருந்து அரிசி களைந்த தண்ணீர்போல் வெள்ளையாக வழிகிறது. தேய்வது கிளியர் கோட் மட்டும்தான் என்று அந்த நிறமே சொல்லிவிடும். நாலு இழுப்புக்கு ஒருமுறை துடைத்துவிட்டுத் துணியைப் பார்க்கிறார். துணியில் லேசாகச் சாம்பல் நிறம் தட்டினாலே கை நின்றுவிடுகிறது. தண்ணீர் கறுப்பாக வந்தால் இழை அறுபடுகிறது என்று பொருள், ஆனால் அந்த நிலைக்கு அவர் போவதே இல்லை.

தேய்த்து முடித்த பானெட் சாம்பல் பூத்த பலகைபோல் கிடக்கும். பார்க்கும் உரிமையாளருக்கு அடிவயிறு கலங்கும். அப்போது பெயின்டர் ஈரத்துணியால் குறுக்கே ஓர் இழுப்பு இழுக்கிறார். துணி போன வழியெல்லாம் பலகை கறுத்து, நெசவின் சாய்ந்த கோடுகள் ஆழத்திலிருந்து எழுந்து வருகின்றன. ஒளியைச் சிதறடித்து வெளுப்பாகக் காட்டியவை மேற்பரப்பின் நுண்கீறல்கள். நீர் அவற்றை நிரப்பியதும் வெளுப்பு மறைகிறது. ஈரம் காய்ந்தால் மறுபடி வரும். நீர் சில நொடிகள் செய்வதைப் புதிய கிளியர் கோட் ஆண்டுக்கணக்கில் செய்யும். ஈரத்திலும் வெளுப்பு மாறாத திட்டு இருந்தால், அங்கே ரெசின் உள்ளே பிரிந்திருக்கிறது என்று பொருள். கழற்றி எறியச் சொல்பவர்களில் எத்தனை பேர் இந்த ஈரத்துணிச் சோதனையைச் செய்து பார்த்தார்கள்?

தேய்த்ததால் பாழான பாகங்கள் உண்டு என்பார்கள். உண்டுதான். பெயின்ட் ரிமூவர் ஊற்றி ரெசினைக் கரைத்தவர்கள், மணல் பீய்ச்சி இழையைக் குதறியவர்கள், ஹீட் கன் பிடித்து ரெசினை இளக வைத்தவர்கள், மெஷினில் 120 எண் தாளை மாட்டி விளிம்பை அறுத்தவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். இரும்புத் தகட்டில் பூச்சின் தடிமனைச் சொல்லும் காந்தக் கருவி கார்பன்மேல் வேலை செய்யாது, அதற்கு அல்ட்ராசோனிக் கருவி வேண்டும் என்பதைக்கூட அறியாமல் கைவைத்தவர்கள் இவர்கள். தவறு கையில் இருக்க, பழி பொருள்மேல் விழுகிறது.

நான்காவது, மறுபடி பூசினாலும் இரண்டே வருடத்தில் மஞ்சளாகிவிடும் என்பது. அப்படி மஞ்சளானவற்றை விசாரித்தால், வெறும் எபாக்சியைத் தூரிகையால் தடவிவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பியவையே வந்து நிற்கின்றன. வெயிலுக்கு ஆகாத எபாக்சியையே வெயிலுக்குக் குடையாகப் பிடித்தால் வேறு என்ன நடக்கும்? அதன்மேல் போட வேண்டிய, ஹார்ட்னர் கலந்த பாலியூரிதேன் கிளியரைப் போடவே இல்லை. பாதி வேலையின் தோல்வியை முழு வேலைக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது நியாயமே அல்ல.

ஐந்தாவது, புதியதுதான் நிரந்தரம் என்பது. புதியதிலும் அதே எபாக்சி, அதன்மேல் அதே வகைக் கிளியர், நிற்கப்போவதும் அதே வெயிலில்.

செய்ய வேண்டிய வேலையில் மந்திரம் ஒன்றும் இல்லை. கெட்ட படலத்தை ஈரத்தோடு தேய்த்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு, தூசியும் மெழுகும் போகத் துடைத்து, புற ஊதாவைத் தாங்கும் கிளியரை இரண்டு மூன்று கைகளாக அடித்து, இறுகியபின் 2000, 3000 எண் தாள்களால் சமன்செய்து காம்பவுண்டு போட வேண்டும். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதனால் அடிப்பவருக்கு வெளிக்காற்று தரும் முகமூடி கட்டாயம் வேண்டும்.

2003-இல் பிஎம்டபிள்யூ வெளியிட்ட எம்3 சிஎஸ்எல் காரை இங்கே நினைக்க வேண்டும். மொத்தம் 1383 கார்களே தயாராயின. நெசவு வெளியே தெரியும் அதன் கார்பன் கூரை, எஃகுக் கூரையைவிடச் சுமார் 6 கிலோ இலகுவானது. உடலோடு பசையால் ஒட்டப்பட்டது என்பதால் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட முடியாது. பசையை அறுத்துத்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கூரைகளுக்கு இன்று இருபது வயது கடந்துவிட்டது. வெயிலில் வாழ்ந்த ஒன்று மங்கிப்போய்ப் பட்டறைக்கு வரும்போது, "கழட்டிப் போடுங்க" என்று சொல்ல வாயெடுப்பவர் முதலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தாள் வாட்டர் பேப்பரும் எடுக்கட்டும். ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்து, வழியும் நீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.