தையல் பிரிச்சதும் முடிஞ்சுதா?

ஆபரேஷன் முடிந்தது. நோயாளி வீடு வந்து சேர்ந்தார். "இனி பயமில்லை" என்று குடும்பம் பெருமூச்சு விடுகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நாட்களே இனிமேல்தான்!

ஆபரேஷன் புண்ணில் கிருமி தொற்றினால், அது பெரும்பாலும் 30 நாட்களுக்குள் தெரிந்துவிடும். அப்போது பக்கத்தில் இருப்பது டாக்டர் அல்ல. தாயும் மனைவியும் மாமியாரும்தான். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் ஆபரேஷன் செய்துகொள்ளும் 100 பேரில் 11 பேருக்குத் தொற்று வருவதாக 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

பெருமுக்கல் மலையடியிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை, உழைத்தால்தான் அடுப்பு எரியும். தையல் பிரித்த கையோடு பாத்தியில் இறங்கத் தோன்றும். "உப்புத் தண்ணி புண்ணை ஆத்தும்" என்று சமாதானம் வேறு! ஆஸ்பத்திரியில் புண் கழுவும் உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம்தான் உப்பு. கடல் நீரிலேயே சுமார் 35 கிராம். வெயிலில் காய்ந்த பாத்தி நீரில் அதற்கும் பல மடங்கு. அது மருந்தல்ல!

அடுத்தது பத்தியம். "பருப்பு, முட்டை, மீன் கொடுத்தா சீழ் வைக்கும்" என்று வெறும் கஞ்சி ஊற்றுகிறார்கள். புதுச் சதை வளரப் புரதம் வேண்டாமா? டாக்டர் தடுக்காதவரை தாராளமாகக் கொடுக்கலாம். தையல் மேல் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பக் கூடாது.

அப்படியானால் பாட்டிமார் சொன்னதெல்லாம் தப்பா? இல்லை. "கை கழுவாம தொடாதே, பச்சை உடம்புக்காரியைச் சுத்திக் கூட்டம் போடாதே" என்றவர்களும் அவர்கள்தான். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்னபோது டாக்டர்களே பலர் கேட்கவில்லை!

வீட்டார் கவனிக்க வேண்டியவை இவை: நாளாக நாளாக வலி கூடுவது, சிவப்பு பரவுவது, வீக்கம், சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல், தையல் விடுவது. ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இரட்டிப்புக் கவனம் தேவை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

இதைச் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள் கொடுக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு நர்சு வாயால் சொல்லட்டும். உப்பள முதலாளிகளும் ஆபரேஷன் ஆன தொழிலாளிக்குப் புண் ஆறும்வரை கரையில் வேலை கொடுக்கட்டும்.

கத்தி பிடிப்பது டாக்டர் வேலை. புண்ணைக் காப்பது வீட்டார் வேலை. சொல்லிக் கொடுக்காமல் அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை!