கருந்துளைகளும் நம் மாணவரும்

விழா மலரிலே கல்லூரியின் பழம்பெருமை பேசுவதே மரபு. நாமோ வானத்தைப் பற்றிப் பேசத் துணிகின்றோம். கருந்துளை என்றவுடன், மருத்துவமும் பொறியியலும் பயில வேண்டிய பிள்ளைகளுக்கு இஃது எதற்கு என்று கேட்கும் பெற்றோர் உளர். பழைய மாணவருள்ளும் உளர். வேறு சிலர், அது எத்தனை வகைப்படும் என்பதை மனனஞ் செய்வித்தாற் போதும் என்பர். இவ்விரு சாராரோடும் நாம் மாறுபடுகின்றோம்.

மனனஞ் செய்விப்போர் கூறும் வகைகள் பிழையல்ல. பெருந்திணிவுடைய விண்மீன் எரிபொருள் தீர்ந்து தன்னுள்ளே இடிந்து வீழ்தலால் ஆவது ஒரு வகை. சிக்னஸ் எக்ஸ்-1 இதற்கு எடுத்துக்காட்டு. அதன் திணிவு ஞாயிற்றின் திணிவைப் போல் ஏறக்குறைய 21 மடங்கு. பால்வழியின் நடுவே 40 இலட்சம் மடங்கு திணிவோடும், எம் 87 என்னும் விண்மீன் திரளின் நடுவே 650 கோடி மடங்கு திணிவோடும் இருப்பவை மற்றொரு வகை. பின்னதன் படத்தை 2019 ஆம் ஆண்டிலும் முன்னதன் படத்தை 2022 ஆம் ஆண்டிலும் உலகம் கண்டது. இவற்றுக்கு இடைப்பட்டவை அரியன. 2019 மே 21 இல் வந்தடைந்த ஈர்ப்பலை, இரு கருந்துளைகள் கூடி ஏறக்குறைய 142 மடங்கு திணிவுள்ள ஒன்றாயின என்று அறிவித்தது. அண்டத்தின் தொடக்கத்திலேயே சிறு கருந்துளைகள் உண்டாகியிருக்கலாம் என 1971 இல் ஸ்டீபன் ஹோக்கிங் கருதினார். அவை இன்னும் அகப்பட்டில.

இவ்வளவையும் ஒப்பித்த மாணவன் எதனை அறிந்தான்? துளை என்னும் சொல்லே அவனை ஏமாற்றும். அஃது ஓட்டையன்று, அண்டத்தையெல்லாம் உறிஞ்சிக் குடிக்கும் பூதமுமன்று. ஞாயிற்றின் இடத்தில் அதே திணிவுடைய கருந்துளையொன்று இருக்குமாயின் நாம் குளிரால் மடிவோம். பூமியோ தன் பாதையினின்று இம்மியும் விலகாது.

இதனை விளங்கிக்கொள்ளும் கருவி உயர்தர வகுப்பு மாணவன் கையிலேயே இருக்கின்றது. ஒரு கோளின் பிடியினின்று மீள ஒரு பொருளுக்கு வேண்டிய தப்பல் வேகத்தை, செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் என்னும் ஒளியின் வேகத்துக்குச் சமமாக இட்டு, ஆரையைக் காணச் சொல்லுக. ஞாயிறு 3 கிலோமீற்றர் ஆரைக்குள் ஒடுங்கினாற் கருந்துளையாகும். பூமியோ 9 மில்லிமீற்றருக்குள், ஓர் அருநெல்லிக்காயளவில், ஒடுங்க வேண்டும்! ஒளியும் மீளமாட்டாத விண்மீன்களை 1783 இல் ஜோன் மிச்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இவ்வழியே கருதினார். இத்தருக்கம் நியூற்றனுடையது, சரியான விளக்கம் ஐன்ஸ்டைனின் கொள்கையிலிருந்து சுவாட்சைல்ட் பெற்று 1916 இல் வெளியிட்டது. விடை ஒன்றாக அமைந்தது தற்செயலே. அதனையும் மாணவரிடம் மறைத்தல் ஆகாது.

ஆரை திணிவோடு நேராகப் பெருகும். கனவளவோ ஆரையின் மும்மடியாகப் பெருகும். ஆகவே கருந்துளை பெருக்கப் பெருக்க அதன் சராசரி அடர்த்தி குறைகின்றது. எம் 87 இன் நடுவிலுள்ளதன் சராசரி அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றினதைக் காட்டிலும் குறைவு. இதனைத் தானே கணித்துக் கண்டவன் வகைகளை மறப்பானோ?

பிள்ளைகளுக்கு இவை எட்டா என்பார்க்கு ஒன்று கூறுவோம். 1930 ஆம் ஆண்டு, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. நம் உயர்தர வகுப்பினரின் வயதே. எரிந்து முடிந்த வெண்குள்ள விண்மீனுக்கும் ஒரு திணிவெல்லை உண்டென்று அப்பயணத்திலேயே கணித்தார். அவ்வெல்லை ஞாயிற்றைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது இன்று அறிந்தது. அதற்கு மேற்பட்டது வெண்குள்ளனாக நிலைபெறாது. சில நியூத்திரன் விண்மீனாய் நிற்கும். இன்னும் கனத்தவை கருந்துளையாகும்.

1935 சனவரி 11 இல் இலண்டன் வானியற் கழகத்தில் அவர் இதனை உரைத்தபோது, அக்காலத்து வானியலின் தலைமகனாய் விளங்கிய எடிங்டன் எழுந்து, விண்மீன் இவ்வாறு பேதைமையாய் நடவாதபடி தடுக்கும் இயற்கை விதியொன்று இருத்தல் வேண்டும் என எள்ளினார். சபை நகைத்தது. கணக்கிற் பிழை காட்டினாரல்லர். பெரியவர் சொன்னார் என்பதே பலர்க்குப் போதுமானதாயிற்று. சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது 1983 ஆம் ஆண்டில். ஆசிரியர்க்கு அடங்கியிருத்தல் நம் மரபு. அதனை நாம் பழிக்கவில்லை. எனினும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைக் கணக்கிட்டுப் பார்த்து, "ஐயா, இது பொருந்தவில்லையே" எனப் பணிவோடு எழுந்து சொல்லும் மாணவனை அமர்த்திவிடும் வகுப்பில் பௌதிகம் கற்பிக்கப்படுகின்றது என்று நாம் ஒப்பமாட்டோம்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழா நினைவாகக் கட்டிடமொன்று எழுப்புவதோடு, ஓர் இரவையும் மாணவர்க்கு ஈவீராக. ஆடி மாதத்து முன்னிரவில் தனு இராசி நம் தென்வானில் உயர்ந்து நிற்கும். பால்வழியின் நடுவிடம் அத்திசையிலே, ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மைதானத்து விளக்குகளை அணைத்து அத்திசையை ஆசிரியர் காட்டட்டும். கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. பின்னர் மாணவர் வகுப்பறைக்குட் சென்று 40 இலட்சத்தை மூன்றாற் பெருக்கி, அதன் ஆரை 1 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றர் என்று தாமே எழுதட்டும்.