பனிக்காலத்தில் மட்டும் பார்த்த தீவு

இது சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டை நிறைவு செய்யும் தறுவாயில் இருக்கும் ஒருவன் தன் தவறு ஒன்றைத் தானே கண்டுகொண்ட கதை என்பதால் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். களப்பணி செய்கிறவர்களுக்கும் இனிச் செய்யப்போகிறவர்களுக்கும் இதில் பொதுவான செய்தி ஒன்று உண்டென்று நம்புகிறேன்.

2025 சனவரியில், கருத்தரங்கு ஒன்றுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் நால்வரை எலிபண்டாவுக்கு அழைத்துச் சென்றேன். ஆண்டாப் ஹில்லில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தொலைவான இடம் அன்று. குரு தேக் பகதூர் நகரில் ஹார்பர் லைன் வண்டியைப் பிடித்து, சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கி, கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறினால் மேலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மும்பையின் சனவரிக் காலை எப்படிப்பட்டதென்று இங்கு வாழ்பவர் அறிவர். இரவில் வெப்பம் 17, 18 பாகைக்கு இறங்கும், பகலில் 30ஐ ஒட்டி நிற்கும், வியர்வை இல்லை, கடல் குளத்து நீர்போல் அசையாமல் கிடக்கும். வந்த நண்பர்கள் மகிழ்ந்தனர். படகில் அனைவருக்கும் உயிர்காப்பு உடை அணிவித்தபோது மட்டும் சற்றே அமைதி நிலவியது. அதற்கு முந்தைய மாதம், 2024 டிசம்பர் 18 அன்று, இதே தடத்தில் சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

தீவின் உண்மைப் பெயர் காராபுரி. எலிபண்டா என்பது அங்கிருந்த கல்யானையைக் கண்டு போர்த்துக்கீசியர் இட்ட பெயர். அந்த யானை இப்போது தீவில் இல்லை. 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லத் தூக்கியபோது உடைந்து, பின்னர் 1914இல் ஒட்டவைக்கப்பட்டு, இன்று பைகுலாவின் ஜிஜாமாதா உத்யானத்தில் நிற்கிறது. குகைகளில் கல்வெட்டு எதுவும் எஞ்சவில்லை. இருந்த ஒன்றையும் போர்த்துக்கீசியர் தம் மன்னருக்கு அனுப்பிவைக்க, அது தொலைந்துபோனது. எனவே பெருங்குகையின் காலத்தை அறிஞர்கள் வேறு சான்றுகளால்தான் கணிக்கின்றனர். அவற்றுள் ஒன்று, தீவில் கிடைத்த காலச்சூரி மன்னர் கிருஷ்ணராஜரின் சிறுமதிப்புக் காசுகள். கல் தச்சர்களுக்கும் கூலியாட்களுக்கும் கொடுத்த ஊதியமாக அவை இருந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. ஏறத்தாழ 18 அடி உயரச் சதாசிவ வடிவத்தின் முன் நின்று இதை நான் விளக்கியபோது நண்பர்கள் குறிப்பெடுத்துக்கொண்டனர். நானும் நல்லாசிரியனாக உணர்ந்தேன்.

இறங்கும் வழியில்தான் அந்த உரையாடல் நிகழ்ந்தது. படிக்கட்டின் இருபுறமும் கடைகள். இலந்தைப்பழமும் வெள்ளரியும் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "மாவ்ஷி, எவ்வளவு அழகான ஊர்! இங்கே வாழ்வதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்" என்று மராத்தியில் சொன்னேன். அவர் சிரித்தார். பழத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "மழைக்காலத்தில் வந்து பார்த்துவிட்டு இதையே சொல், தம்பி" என்று பதில் சொன்னார். பிறகு சுருக்கமாகச் சில செய்திகளையும் சொன்னார். கடல் பொங்கும் நாட்களில் படகு நிற்கும். சுற்றுலாப் பயணி வராவிட்டால் கடையில் வருமானமும் நிற்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் தீவைவிட்டுத்தான் படிக்கப் போக வேண்டும். நோய் வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அந்தத் தீவின் மூன்று சிற்றூர்களுக்குக் கடலடிக் கம்பிவழி நிலையான மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை மாலையில் சில மணி நேரம் டீசல் ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவே. எதிர்க்கரையில் டிராம்பேயின் அணு உலைக் கூடாரம் கண்ணுக்குத் தெரியும். உலக மரபுச் சின்னமென யுனெஸ்கோ இக்குகைகளை அறிவித்ததோ 1987இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் எத்தனை பேராசிரியர்கள், எத்தனை மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாக அங்கே வந்து, மாலைப் படகில் ஒளி மிகுந்த நகரத்துக்குத் திரும்பியிருப்பார்கள்! அவர்களில் நானும் ஒருவன். பள்ளிக்காலம் தொட்டு ஐந்து முறை சென்றிருக்கிறேன். ஐந்தும் டிசம்பரிலோ சனவரியிலோதான்.

திரும்பும் படகில் மூதாட்டியின் சொற்கள் என்னை விடவில்லை. காரணம், அதே சொற்களை நான் முன்பே கேட்டிருந்தேன். கேட்டது என் வீட்டில்.

நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது, ஒரு சனவரி மாதத்தில், எங்கள் சந்துக்குக் கணக்கெடுப்புக் குழு ஒன்று வந்தது. வடிகால் வசதி உண்டா என்பது அவர்களின் கேள்விகளுள் ஒன்று. வந்தவர் வாசலில் ஓடிய சாக்கடையை எட்டிப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. படிவத்தில் 'உண்டு' என்று குறித்துக்கொண்டார். அம்மா சொன்னார்: "ஜூலை மாசம் வந்து கேளுங்க சார், அப்போ சொல்றேன்." அவர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதை நீங்கள் படித்திருப்பீர்கள். அன்று எனக்குப் பத்து வயது. ரேஷன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா எங்களைப் பரணில் ஏற்றிவிட்டதை நான் எங்கும் படிக்கவில்லை, பார்த்தேன். அந்தக் கணக்கெடுப்பின் அட்டவணையில் எங்கள் சந்து இன்னும் வடிகால் வசதியுள்ள சந்தாகவே இருக்கக்கூடும்.

ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஊரக வளர்ச்சி பற்றிய நூலில் இந்த நோய்க்குப் பெயர் சூட்டியிருக்கிறார். நகரத்திலிருந்து சிற்றூருக்குச் சென்று திரும்பும் வல்லுநர்களின் பயணத்தை 'ஊரக வளர்ச்சிச் சுற்றுலா' என்று அழைக்கும் அவர், அப்பயணங்களைப் பீடிக்கும் சார்புகளைப் பட்டியலிடுகிறார். சாலையோரத்தை மட்டும் பார்ப்பது ஒன்று. செல்வாக்குள்ளவரோடு மட்டும் பேசுவது மற்றொன்று. அவற்றோடு 'வறள்பருவச் சார்பு' என்ற ஒன்றையும் சேர்க்கிறார். சாலைகள் காய்ந்து, அறுவடை முடிந்து, உணவு இருக்கும் பருவத்தில்தான் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் பயணம் செய்கின்றனர். பசியும் நோயும் கடனும் ஒன்றாகக் கூடும் மழைப்பருவத்தில் எவரும் வருவதில்லை. ஆகவே வறுமையின் மோசமான முகம் தரவுக்குள் நுழைவதேயில்லை.

ஆனால் இதை அறிந்துகொள்ளத் தமிழ் ஆய்வாளன் 1983 வரை காத்திருந்திருக்க வேண்டுமா? முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்றுதானே தொல்காப்பியம் வகுக்கிறது. நிலத்தை முதலில் வைத்துப் பொழுதைப் பின்னிணைப்பாகச் சேர்க்கவில்லை. இரண்டையும் ஒன்றாக முதல் என்கிறது. பொழுது நீங்கிய நிலம் என்ற ஒன்று நம் இலக்கணத்தில் இல்லை. பெரும்பொழுது ஆறென்றும், நெய்தல் நிலத்துக்கு அந்த ஆறும் உரியன என்றும் பிற்கால அகப்பொருள் இலக்கணம் விரித்துரைக்கிறது. கடற்கரை மனிதன் ஆறு பொழுதுகளையும் வாழ்கிறான். நாமோ பனிக்காலம் ஒன்றில் மட்டும் சென்று பார்த்துவிட்டு, அந்நிலத்தைப் பற்றி நிகழ்காலத்தில் எழுதுகிறோம்: 'இத்தீவு அமைதியானது', 'மக்கள் நிறைவுடன் வாழ்கின்றனர்' என்று. எந்தப் பொழுதில் அமைதி? எந்த மாதத்தில் நிறைவு?

இனி என் தவறுக்கு வருகிறேன். என் ஆய்வு மும்பையின் தமிழ்க் குடியிருப்புகளில் வாடகைக்கு வாழ்வோரைப் பற்றியது. 52 நேர்காணல்கள் எடுத்திருக்கிறேன். தீவிலிருந்து திரும்பிய இரவில் அவற்றின் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். 47 நேர்காணல்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்டவை. எஞ்சிய ஐந்தும் மார்ச்சில் எடுத்தவை. இந்நகரத்தின் மழையில் மிகப் பெரும்பகுதி பெய்யும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் ஒன்றுகூட இல்லை. திட்டமிட்டுச் செய்ததன்று. மழையில் சந்துகளில் நடக்க இயலாது, கருவி நனையும், தகரக் கூரையில் மழை இரையும்போது ஒலிப்பதிவு தெளிவாக இராது. எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் அந்தக் கூரையின் இரைச்சலே ஒரு தரவு என்பது எனக்கு உறைக்கவில்லை.

என் மூன்றாம் இயலில் 'வாடகை நிலுவை அரிதாகவே காணப்படுகிறது' என்று எழுதியிருக்கிறேன். சனவரியில் அது உண்மை. கட்டட வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் கையில் கூலி புழங்கும். மழை தொடங்கினால் நாக்காவில் நின்று நாட்கூலிக்குக் காத்திருப்பவர் பாதிநாள் வெறுங்கையோடு திரும்புவர். எங்கள் வீட்டில் அம்மாவின் கம்மல் சூலையில் அடகுக் கடைக்குப் போகும், தீபாவளிக்கு மீளும், சில ஆண்டுகளில் பொங்கலுக்குத்தான் மீளும். இதை நான் அறியாதவனா? அறிந்தும் எழுதவில்லை. நேர்காணலில் எவரும் சொல்லாததால் அது 'தரவு' ஆகவில்லை. கம்மல் மீண்ட பிறகல்லவா நான் கேள்வித்தாளுடன் போய் நின்றேன்!

தாராவியை உங்களில் பலர் அறிவீர்கள். வெயில் தணிந்ததும் வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டியோடு அச்சந்துகளில் வலம்வருவர். சிறுவயதில் எனக்கு அவர்கள்மீது கோபம் இருந்தது. இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: நான் கையில் வைத்திருந்தது ஒளிப்படக் கருவிக்குப் பதிலாக ஒப்புதல் படிவம். பருவம் என்னவோ ஒன்றுதான்.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். ஆண்டு முழுதும் களத்தில் தங்க யாரால் இயலும் என்று கேட்பீர்கள். உதவித்தொகை காலத்தோடு வராது. கல்லூரியில் வகுப்பெடுப்பவருக்கு விடுமுறை கிடையாது. பெண் ஆய்வாளர்களுக்கு மழை இரவில் திரும்பிவருவதே போராட்டம். இவை அனைத்தும் உண்மை. நான் கோருவது எல்லோரும் சூலையில் களமிறங்க வேண்டும் என்பதன்று. எந்தப் பருவத்தில் பார்த்தோம் என்பதை ஆய்வுமுறை இயலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பார்க்காத பருவத்தைப் பற்றி நம் முடிவுகள் வாய்மூட வேண்டும். மாதிரியின் அளவைச் சொல்லக் கூச்சப்படாத நாம், மாதிரியின் மாதத்தைச் சொல்ல ஏன் மறந்துவிடுகிறோம்?

கலைவரலாற்று மாணவர்கள், கல்லுக்கு ஏது பருவம் என்று கேட்கலாம். கல்லில் நீர் கசிவதும் குகையினுள் ஒளி மாறுவதும் ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சிறுகாசுகளைக் கூலியாகப் பெற்றவர்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கே தங்கினர், எதை உண்டனர், உளி ஓசை நின்றபோது அவர்களுக்குக் கூலி உண்டா என்ற கேள்விகளையாவது கேட்கலாமல்லவா? விடை கிடைக்காமல் போகலாம். ஆனால் ஐந்து முறை அங்கு சென்றும் இந்தக் கேள்விகள் என் நாவில் எழவில்லை. பனிக்கால வெயிலில் அவை எழா.

அங்கே போகாதீர்கள் என்று சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. அந்த மூதாட்டிக்கு நம் வருகைதான் வருமானம். கல்விச் சுற்றுலா நடத்தும் துறைகள் காலை முதற்படகைப் பிடித்து, குகைகளோடு சிற்றூர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 'மழையில் இங்கே எப்படி இருக்கும்?' என்ற ஒரு கேள்வியை ஒவ்வொரு மாணவரும் யாரிடமேனும் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். இதற்குச் செலவில்லை.

ஆண்டாப் ஹில்லும் ஒருகாலத்தில் தீவின் பகுதிதான். மாட்டுங்கா, சயான், தாராவி ஆகியவற்றோடு பரேல் தீவில் சேர்ந்திருந்த நிலம் இது. ஏழு தீவுகளுக்கு இடையிலான கடலைத் தூர்த்துத்தான் இந்நகரம் எழுந்தது. ஒவ்வொரு சூலையிலும் கடல் தன் பழைய வழியைத் தேடி எங்கள் சந்துக்குள் வருகிறது. அதைப் பதிவுசெய்யாத என் ஆய்வேடு, எங்கள் அம்மா சிரித்து ஒதுக்கக்கூடிய ஆய்வேடு.

நெறியாளரிடம் சொன்னேன். ஓராண்டு தள்ளிப்போகுமே என்றார். உதவித்தொகை முடிந்துவிட்டது என்பதை இருவரும் அறிவோம். ஆயினும் மூன்றாம் இயலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சூன் மாதத்தில் அதே 52 வீடுகளின் கதவையும் மீண்டும் தட்டுவேன். முதல் நேர்காணல் அம்மாவோடு.

உங்கள் களப்பணி எந்த மாதங்களில் நடந்தது? தேதிகளை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.