குழந்தைக்குச் சாதி தெரியாது என்பவர்களுக்கு ஒரு படப்புத்தகப் பட்டியல்

புத்தகக் கண்காட்சி நெருங்கினால் போதும், ‘குழந்தைகளுக்கு வாங்க வேண்டிய படப்புத்தகங்கள்’ என்று சமூக ஊடகங்களில் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். போடுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். பெரியாரையும் அம்பேத்கரையும் படித்தவர்கள். ஆணவக்கொலை நடந்தால் முதல் ஆளாகக் கண்டனம் எழுதுகிறவர்கள். அவர்களுடைய பட்டியலைத் திறந்தால் முயல் இருக்கும், யானை இருக்கும், பிளாஸ்டிக் ஒழிப்பு இருக்கும், ஆண் பெண் சமத்துவமும் இருக்கும். சாதி மட்டும் இருக்காது. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “குழந்தைங்ககிட்டப் போய் எதுக்குத் தோழர் சாதியெல்லாம்? அதுங்களுக்கு என்ன தெரியும்?”

எந்தக் குழந்தைக்குத் தெரியாது என்பதுதான் என் கேள்வி.

சேரியில் பிறந்த குழந்தைக்கு, ஊர்த் தெருவில் எந்தத் திண்ணையில் உட்காரக் கூடாது என்பது பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். பிள்ளை அடிபடாமல் வீடு திரும்ப வேண்டுமே என்ற பயத்தில் அம்மாவே சொல்லிக் கொடுத்திருப்பார். ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, யாரை ‘வாங்க’ என்று கூப்பிட வேண்டும், எந்தப் பெரியவரை ‘வாடா’ என்று கூப்பிடலாம் என்பதையெல்லாம் அது பார்த்தே கற்றுக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அவருடன் படித்த மாணவர்கள் உள்ளிட்ட சிறுவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. யோசித்துப் பாருங்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்று பள்ளிப் பிள்ளைகள் கயிற்றைப் பார்த்தே படித்துவிடுகிறார்கள். எழுத்து கற்பதற்கு முன்பே நம் பிள்ளைகள் நிறத்தைப் படிக்கக் கற்றுவிடுகிறார்கள். அந்தப் பாடத்துக்கு எதிர்ப்பாடம் நடத்தக்கூடிய படப்புத்தகத்திடம் மட்டும்தான் ‘குழந்தைக்குச் சாதி வேண்டாம்’ என்கிறோம்.

சாதியில்லாத படப்புத்தகம் என்று ஒன்று இருப்பதாக நினைப்பதே மயக்கம்தான். ஸ்டேஷனரி கடையில் தொங்கும் ‘நமக்கு உதவுவோர்’ சார்ட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். நான் பார்த்த சார்ட்டுகளில் டாக்டர் வெள்ளை, டீச்சர் வெள்ளை, குப்பை அள்ளுபவர் கருப்பு. யார் என்ன வேலை செய்யப் பிறந்தவர் என்பதை ஒரு வார்த்தைகூட எழுதாமல் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. மனுதர்மத்தைத் தனியாக வாங்கித் தர வேண்டிய அவசியமில்லை.

கொஞ்சம் பின்னால் போனாலும் இதே கதைதான். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவை நம் பெற்றோர் தலைமுறை கொண்டாடித் தீர்த்தது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து போகும் அந்தப் படத்தை வரைந்த சங்கர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உலகத்தில் ராஜா இருந்தார், மந்திரி இருந்தார், அந்தணர் இருந்தார், வணிகர் இருந்தார். நாம் எங்கே இருந்தோம்? பல்லக்குத் தூக்கினோம். 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்ரக் கதைகளில் தேவர்களுக்கு ஒரு நிறம், அசுரர்களுக்கு ஒரு நிறம். கோரைப்பல், பரட்டைத் தலை, கருத்த உடம்பு. அந்த வரிசையில் அம்பேத்கருக்கு இடம் கிடைக்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இதை ஒருவர் உட்கார்ந்து எண்ணினார். நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறார் நூல்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு கருப்பினப் பாத்திரமாவது இருப்பவை எத்தனை என்று பதிப்பகங்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தார். வந்தது 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. 1965இல் அவர் அதை வெளியிட்டபோது, நாங்கள் யாரையும் வெறுக்கவில்லையே என்று பதிப்பகங்கள் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. எண் முன்னால் கிடந்தது. தமிழில் இப்படி ஒரு கணக்கை இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் எடுத்துவிடலாம். எடுங்கள் என்று இந்தக் கட்டுரை வழியாகவே கேட்கிறேன்.

எதை வாங்குவது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் துலாரி தேவியின் ‘ஃபாலோயிங் மை பெயின்ட் பிரஷ்’. சென்னையின் தாரா பதிப்பகம் வெளியிட்டது. பீகாரின் மிதிலைப் பகுதியில் மீனவச் சாதியான மல்லா குடும்பத்தில் பிறந்தவர் துலாரி. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் ஓவியத்தைப் பார்த்துத் தானும் வரையக் கற்றவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். தன் கதையைத் தன் படத்தால் அவரே சொல்கிறார். வீட்டு வேலை செய்யும் அக்காவின் பெயர்கூடத் தெரியாமல் வளரும் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து மகாஸ்வேதா தேவியின் ‘தி ஒய்-ஒய் கேர்ள்’. துலிகா வெளியீடு. சபர் பழங்குடிச் சிறுமி மொய்னா பாபுக்களின் ஆடுகளை மேய்க்கிறாள். நான் ஏன் அவர்கள் ஆட்டை மேய்க்க வேண்டும் என்று கேட்கிறாள். அதோடு விடுவதில்லை, ஆடு மேய்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு ஏற்ற நேரத்தில் பள்ளிக்கூடம் ஏன் இல்லை என்றும் கேட்கிறாள். ‘ஏழைப் பெண் நன்றாகப் படித்து முன்னேறினாள்’ என்ற வழக்கமான நீதிக்கதையிலிருந்து இது விலகும் இடம் அந்தக் கேள்விதான். மாற வேண்டியது மொய்னாவா, பள்ளிக்கூடமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் காஞ்ச அய்லய்யா எழுதி, துர்காபாய் வ்யாம் படம் வரைந்த ‘டர்னிங் தி பாட், டில்லிங் தி லேண்ட்’. 2007இல் நவயானா வெளியிட்டது. நான் சொன்ன அந்த சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் இந்தப் புத்தகத்தை வைக்கலாம். தோல் பதனிடுபவர், குயவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், முடி திருத்துபவர், உழவர் என்று ஒவ்வொருவருடைய வேலைக்குள்ளும் என்ன அறிவியல் இருக்கிறது என்று அய்லய்யா விளக்குகிறார். செத்த மாட்டின் தோலை அழுகாமல் செருப்பாக்குவதற்கு எவ்வளவு வேதியியல் தெரிந்திருக்க வேண்டும்! அந்த அறிவுக்குத் தீட்டு என்று பெயர் வைத்தவர்கள், எதையும் உற்பத்தி செய்யாதவர்களுக்கு அறிஞர் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை இதைப் பத்து வயதில் புரிந்துகொண்டால் இருபது வயதில் ‘மெரிட்’ பற்றி வாட்ஸ்அப்பில் உளறாது.

‘டிஃபரன்ட் டேல்ஸ்’ வரிசையையும் தேடிப் பிடியுங்கள். ஐதராபாத்தின் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் உருவாக்கியது. தெலுங்கிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வந்தது. கோகு சியாமளாவின் கதையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் தலித் சிறுமி, தன்மேல் கைவைக்க வரும் நிலக்கிழாரை எதிர்த்து நிற்கிறாள். அந்தக் கதையின் பெயர் என்ன தெரியுமா? ‘தாடகி மறுபடியும் வெல்கிறாள்’. ராமன் அம்பு விட்ட தாடகையை நம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் சியாமளா. முகம்மது கதீர் பாபுவின் ‘ஹெட் கறி’யோ தலைக்கறி சமைக்கும் ஒரு வீட்டின் கதை. நம் சிறார் நூல்களில் பிள்ளைகள் இட்லி தின்கிறார்கள், லட்டு தின்கிறார்கள், பாட்டி சுட்ட வடையைக் காக்கா தூக்கிப் போகிறது. தலைக்கறியும் கருவாடும் மாட்டுக்கறியும் எங்கே? ஒடுக்கப்பட்ட பிள்ளையை அழுகிற பிள்ளையாக மட்டும் காட்டுவதும் ஒருவகைப் புறக்கணிப்புதான். அதன் வீட்டில் ருசி உண்டு, கேலி உண்டு, சண்டை உண்டு, சிரிப்பு உண்டு.

பதின்ம வயதுக்கு ‘பீமாயணம்’. தமிழிலும் வந்திருக்கிறது. ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற தலைப்பில் அம்பேத்கர் எழுதிவைத்த தன் வாழ்க்கைக் குறிப்புகளை வைத்து, பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் இருவரும் 2011இல் வரைந்தது. தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று பிரித்திருக்கிறார்கள். காமிக்ஸ் என்றால் கட்டம் கட்டமாக இருக்க வேண்டும் என்ற விதியை இவர்கள் ஏற்கவில்லை. மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லி, தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் வரையும் கோலத்தால் பக்கங்களைப் பிரித்தார்கள். அன்பாகப் பேசுகிறவரின் சொற்கள் பறவை வடிவக் குமிழில் வரும். சாதிவெறி பேசுகிறவரின் குமிழுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். படிக்கிற பிள்ளை இரண்டு பக்கத்திலேயே இதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தன் வகுப்பறையில் யார் பேச்சில் கொடுக்கு இருக்கிறது என்று தானே பார்க்கும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த மாநிலத்தில், ‘தண்ணீர்’ பகுதியைப் பழைய கதை என்று எந்த ஆசிரியரும் தாண்டிப் போக முடியாது.

கூடவே, புலேயின் ‘குலாம்கிரி’யை (1873) படக்கதையாக்கிய ‘எ கார்டனர் இன் தி வேஸ்ட்லேண்ட்’. வங்காளப் பட்டுவா ஓவியர் மனு சித்ரகர் மார்ட்டின் லூதர் கிங் வாழ்க்கையை வரைந்த ‘ஐ சீ தி பிராமிஸ்டு லேண்ட்’. கல்லூரிப் பிள்ளைகளுக்கு உன்னமதி சியாம சுந்தரின் ‘நோ லாஃபிங் மேட்டர்’. 1932 முதல் 1956 வரை பத்திரிகைகள் அம்பேத்கரை எப்படிக் கேலிச்சித்திரமாக வரைந்தன என்று தொகுத்துக் காட்டுகிறது. நத்தைமேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கும் கேலிச்சித்திரம் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் இருந்ததைத் திருமாவளவன் 2012இல் நாடாளுமன்றத்தில் எழுப்பியபோது, ‘படத்துக்குப் போய் இவ்வளவு கோபமா’ என்று கேட்ட அறிவுஜீவிகளுக்கும் இதைப் பரிசளிக்கலாம்.

இனி வழக்கமான மறுப்பு ஒன்று. “இதெல்லாம் குழந்தை மனசைப் பாதிக்காதா?” நரசிம்மர் இரணியனின் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவும் படத்தை மூன்று வயதுப் பிள்ளைக்குக் காட்டிக் கதை சொல்கிறார்கள். சூரசம்ஹாரத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கெல்லாம் பாதிக்காத மனசு, பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட ஒரு சிறுவனின் படத்தைப் பார்த்ததும் பாதிக்கப்பட்டுவிடுமாம். பாதிக்கப்படுவது பெற்றோரின் நிம்மதி. “அப்பா, நம்ம வீட்டிலும் அந்த அண்ணனுக்குத் தனி டம்ளர்தானே?” என்று பிள்ளை கேட்டுவிடுமோ என்ற பயம் அது.

அதனால்தான் இந்தப் புத்தகங்கள் யாருக்கு என்பதிலும் எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. நல்லெண்ணம் கொண்ட தோழர்கள் பீமாயணத்தை வாங்கிச் சேரியில் உள்ள இரவுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, தன் வீட்டுப் பிள்ளைக்கு முயல் கதை வாங்குகிறார்கள். இரவுப் பள்ளிக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்பேத்கர் யார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், தெருமுனையில் சிலையாக நிற்கிறார், பல ஊர்களில் கூண்டுக்குள் நிற்கிறார். அந்தக் கூண்டு ஏன் தேவைப்படுகிறது என்று தெரியாமல் வளர்வது ஊர்ப் பிள்ளை. நோய் இருக்கும் வீட்டுக்குத்தான் மருந்து முதலில் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சொன்ன பட்டியலைப் பாருங்கள். போபால், ஐதராபாத், மிதிலை, வங்காளம். பாமாவும் சிவகாமியும் இமையமும் சுகிர்தராணியும் எழுதும் மொழியில், அவர்களைப் போன்றவர்களிடம் போய் “எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கதை எழுதுங்கள், நல்ல ஓவியரை வைத்து வண்ணத்தில் போடுகிறோம்” என்று எத்தனை பதிப்பகங்கள் கேட்டிருக்கின்றன? 1893இல் ‘பறையன்’ என்றே இதழ் நடத்தி, 1930இல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரட்டைமலை சீனிவாசன் ஒரு அருமையான படக்கதை. 1907இல் ஒரு பைசாத் தமிழன் தொடங்கிய அயோத்திதாசர் இன்னொன்று. பஞ்சமி நிலம் இன்னொன்று. சென்னையிலும் கும்பகோணத்திலும் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசிடம் ‘வாசிப்பு இயக்கம்’ இருக்கிறது, ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் இருக்கின்றன. சமூக நீதி அரசு என்று சொல்லிக்கொள்கிறவர்கள், அதில் ஒரு வரிசையைச் சாதி ஒழிப்புக்கு ஒதுக்கட்டும். எழுதுவதும் வரைவதும் யார் என்பதையும் சேர்த்து முடிவு செய்யட்டும்.

அதுவரை நம்மால் முடிந்தது இது. அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் பட்டியல் போடும்போது முயலும் யானையும் இருக்கட்டும். கூடவே மேலே சொன்னவற்றில் மூன்றையாவது சேருங்கள். இரண்டிரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்று தெருவில் இருக்கும் அம்பேத்கர் படிப்பகத்துக்கு, ஒன்று உங்கள் அக்கா மகனின் பிறந்தநாளுக்கு. “இதைப் போய் ஏன் இவனுக்கு?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.