கொடுப்பதை எழுத்தில் கொடுங்கள்

கல்லூரி மாணவன் விளையாடுவதற்குக் காசு வாங்கலாமா? நம் வீடுகளில் இது இன்னும் ஒழுக்கப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. படிக்கிற வயதில் கையில் பணம் புழங்கினால் படிப்பு கெட்டுவிடும் என்பது பெற்றோரின் கவலை. அந்தக் கவலையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எழுவர் காற்பந்துப் போட்டி நடக்கும் திடலுக்குப் போய் நின்று பாருங்கள். கடைசி ஆட்டம் முடிந்ததும் அணி நிர்வாகி காரின் பின்கதவைத் திறந்துவைத்து, பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மடித்த நோட்டுகளைக் கையில் திணிப்பார். பெட்ரோல் காசு, சாப்பாட்டுக் காசு என்று அதற்குப் பெயர். வாங்குகிறவர்களில் டிப்ளோமா படிக்கிறவனும் இருப்பான், பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டில் இருப்பவனும் இருப்பான். அடுத்த வாரம் ஐம்பது வெள்ளி கூடக் கிடைத்தால் அவன் பூச்சோங்கிலோ ரவாங்கிலோ வேறு ஜெர்சி போட்டுக்கொண்டு ஆடுவான். நடுவில் முட்டி பிசகினால் எக்ஸ்ரே செலவு வீட்டின் தலையில்தான் விழும்.

ஆக, மாணவ ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதும் அவர்கள் அணி தாவுவதும் நம்மிடையே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றன. இல்லாதது ஒரு துண்டுக் காகிதம் மட்டுமே. பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்ற விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கொடுக்க வேண்டும், ஆனால் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆட்டக்காரன் விரும்பிய அணிக்குப் போகலாம்; ஆனால் அவனை வளர்த்த திடலுக்கு அதில் ஒரு பங்கு வர வேண்டும். நம் நிலைப்பாடு இதுதான்.

சிலாங்கூரின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆடிய காலத்தில் ஆட்டக்காரர்கள் வங்கியிலோ போலீசிலோ மின்சார வாரியத்திலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வேலையிடத்திலிருந்து கிடைத்தன. காற்பந்து கைவிட்டாலும் வேலை கைவிடாது. 1989-இல் அரைத் தொழில்முறை லீக் வந்த பிறகு ஆட்டமே பிழைப்பாக மாறத் தொடங்கியது. ஆனால் அந்தப் பிழைப்புக்கு வேண்டிய பாதுகாப்பு கூடவே வரவில்லை. 1994-இல், ஆட்ட முடிவுகளை விலைபேசிய சூதாட்டக் கும்பல்களின் கை எவ்வளவு ஆழமாக நுழைந்திருந்தது என்பது வெளியே வந்தது. 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், விசாரிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கும் மேல். பேராசை என்று அன்று எளிதாகத் தீர்ப்புச் சொன்னோம். சம்பளம் சரியாக வராத இடத்தில் மறைமுகப் பணம் எவ்வளவு எளிதாக உள்ளே வரும் என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

முப்பது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. சம்பள பாக்கித் தகராறால் மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் மலேசியாவின் உச்ச லீக்கான சூப்பர் லீக்கில் 2023-இல் இடம் இழந்தன. 2025-இல் கெடாவும் நிதிச் சிக்கலில் வெளியே நின்றது. ஒப்பந்தம் உள்ள தொழில்முறை ஆட்டக்காரனுக்கே இந்தக் கதி. ஆனால் அவன் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், 15 நாள் அவகாசம் கொடுத்து எச்சரித்துவிட்டு, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேற ஃபிஃபா விதி அவனுக்கு உரிமை தருகிறது. தொழிற்சங்கம் இருக்கிறது, புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. காரின் பின்கதவில் காசு வாங்கும் மாணவனுக்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது கோடிக்கணக்கில் புரளும் வணிகம். தொலைக்காட்சி ஒப்பந்தங்களில் பல்கலைக்கழகங்களும் பயிற்றுநர்களும் கொழித்தார்கள். ஆடுகிற மாணவனுக்கு உதவித்தொகை மட்டும்தான், அதற்கு மேல் வாங்கினால் தடை. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தக் கட்டுப்பாட்டில் ஓட்டை போட்டது. அடுத்த மாதமே மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி பழைய ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டாலர் இழப்பீடு; அதோடு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை வருமானத்தை மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றும் ஆனது. இடையில் 2024-இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம் என்றும் விதியைத் தளர்த்திவிட்டார்கள்.

விளைவு என்ன? நல்லதும் கெட்டதும் கலந்துதான் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை அம்மாவுக்கு வீடு வாங்கிக் கொடுக்க முடிகிறது. பணத்தின் பெரும்பகுதி அமெரிக்கக் காற்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சல், மல்யுத்தம், பெண்கள் ஆட்டங்கள் மிச்சத்துக்குக் கையேந்துகின்றன. ஆனால் நமக்கு அதிகம் பாடம் சொல்வது 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் நடந்த ஒரு சங்கதி. அங்குள்ள நெவாடா பல்கலைக்கழக அமெரிக்கக் காற்பந்து அணியின் முன்னணி ஆட்டக்காரர் மேத்யூ ஸ்லூகா, அணி மூன்று ஆட்டங்களில் மூன்றையும் வென்றிருந்த வேளையில், பருவத்தின் நடுவிலேயே விலகினார். ஒரு லட்சம் டாலர் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் கொடுக்கவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி முறையான வாக்குறுதி எதுவும் இல்லை என்றது பல்கலைக்கழகத் தரப்பு. யார் சொன்னது உண்மை என்று நிரூபிக்க எழுத்தில் ஒன்றும் இல்லை. அவ்வளவு பணம் புரளும் நாட்டிலேயே வாய்ப்பேச்சை நம்பினால் இந்தக் கதி என்றால், பெட்ரோல் காசுக்கு ஆடும் நம் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஒரு பல்கலைக்கழகம் தொழில்முறைக் காற்பந்து என்ற ஆழத்தில் இறங்கிப் பார்த்தது. ஷா ஆலாமின் யுஐடிஎம் அணி 2020-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. உச்ச லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழக அணி அதுதான். கோவிட்டால் சுருங்கிய அந்தப் பருவத்தில் ஆறாவது இடம் பிடித்து எல்லாரையும் வியக்கவைத்தது. அடுத்த ஆண்டே கடைசி இடத்துக்கு விழுந்து கீழ் லீக்குக்கு இறங்கியது. 2022-இலிருந்து உச்ச லீக்கில் அந்தப் பெயர் இல்லை. பெரிய கிளப்புகளைப் போல வெளிநாட்டு ஆட்டக்காரர்களையும் வைத்துக்கொண்டு ஓடப் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் வேலையல்ல. மாணவர்களை நியாயமாக நடத்துவது அதன் வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பல்கலைக்கழக விளையாட்டே வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது.

இடமாற்றத்துக்கு வருவோம். இங்கேதான் நம் சமூகத்துக்கு இழப்பு அதிகம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு பையன் பந்தை முதலில் உதைப்பது யாரோ ஓர் அண்ணன் தம் சம்பளத்திலிருந்து பந்து வாங்கி வைத்து நடத்தும் மாலைப் பயிற்சியில். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள்; அவற்றில் பலவற்றுக்குச் சொந்தத் திடலே இல்லை. பக்கத்துத் தாமானின் திடலை இரவல் வாங்கித்தான் பயிற்சி. அங்கே தேறியவனைப் பதினைந்து வயதில் ஒரு விளையாட்டுப் பள்ளியோ மாநில அணியோ கூட்டிக்கொண்டு போகும். மாநிலங்கள் மோதும் சுக்மா விளையாட்டு விழா நெருங்கும்போது ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் ஆட்டக்காரரை இழுக்கிறது என்ற புகாரும் புதிதல்ல. 2026 சுக்மாவை நடத்தும் பொறுப்பு சிலாங்கூருக்கு வந்திருக்கும் நிலையில் அந்தப் பேச்சு இங்கே இன்னும் கூடுதலாகவே கேட்கும். பையன் முன்னேறுகிறான், சந்தோஷம். வளர்த்த அண்ணனுக்கு ஒரு நன்றிக் கடிதம்கூட வருவதில்லை.

ஃபிஃபா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஓர் ஆட்டக்காரன் ஒப்பந்தக் காலத்தில் நாடு கடந்து விலைபோனால் அந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு, 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்குக் கால் விழுக்காடு. நான்கு ஆண்டுகளும் ஒரே கிளப்பில் இருந்திருந்தால் மொத்தம் ஒரு விழுக்காடு. ஒரு மில்லியன் வெள்ளிக்கு அவன் போனால் அந்தக் கிளப்புக்கு 10,000 வெள்ளி. பெரிய கிளப்புக்கு அது சில்லறை. தாமான் திடலில் பயிற்சி நடத்தும் குழுவுக்குப் பந்து, வலை, வேன் வாடகை என்று நெடுநாள் தாங்கும். ஆனால் இந்தப் பணம் தேசியக் காற்பந்துச் சங்கத்தில் பதிவுபெற்ற கிளப்புக்குத்தான் போகும். பள்ளிக்கோ பதிவில்லாத மாலைப் பயிற்சிக்கோ வராது. உள்நாட்டுக்குள் நடக்கும் இடமாற்றத்தில் பெரும்பாலும் தொகையே கைமாறுவதில்லை. பூஜ்யத்தில் ஐந்து விழுக்காடு பூஜ்யம்தான். பயிற்றுவித்தவர்களுக்கு உள்நாட்டிலும் ஈடு கிடைக்க ஒவ்வொரு தேசிய சங்கமும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. நம் சங்கம் அதை அடிமட்டம்வரை கொண்டுவர வேண்டும்.

நமக்கென்று ஓர் அணி உருவாகி வளர்ந்த கதையும் கண்முன்னால் இருக்கிறது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி கீழ் லீக்கிலிருந்து படிப்படியாக ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு வந்தது. 2022 பருவத்தோடு லீக்கை விட்டு விலகிவிட்டது. உச்சியில் ஓர் அணியை நிறுத்துவதற்குப் பாடுபட்ட அளவுக்கு, கீழே திடல்களுக்குப் பணம் திரும்பிவரும் வழியை நாம் யாரும் உருவாக்கவில்லை.

இனி என்ன செய்யலாம்? உயர்கல்வி அமைச்சு எல்லா உயர்கல்விக்கூடங்களுக்கும் பொதுவான, ஒரு பக்கத்தில் அடங்குகிற ஒப்பந்தப் படிவத்தை வெளியிட வேண்டும். மாத அலவன்ஸ் எவ்வளவு, காயம்பட்டால் யார் பொறுப்பு, பெர்கேசோ சமூகப் பாதுகாப்பு உண்டா, விளையாட்டு நின்றுபோனாலும் படிப்புச் செலவு தொடருமா என்பவை அதில் இருக்கட்டும். அணி மாறுவது செமஸ்டர் முடிவில் மட்டும் என்று ஒரு காலவரம்பு வைத்தால் தேர்வும் தப்பும், பயிற்றுநரும் பருவ நடுவில் தவிக்க மாட்டார். பையன் அணி மாறத் தேவையான ரிலீஸ் லெட்டரைப் பிணைக்கைதியாகப் பிடித்துவைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். அதே நேரத்தில், அவனை எடுத்துக்கொள்ளும் அணி அவனை 12 வயதிலிருந்து வளர்த்த பள்ளிக்கும் கிளப்புக்கும் ஒரு சிறு தொகையைக் கட்டாயமாகச் செலுத்தட்டும். விளையாட்டும் சேர்ந்த புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பல்கலைக்கழக நுழைவில் பத்து விழுக்காடு மதிப்பெண் தருகிறோமே என்று அதிகாரிகள் சொல்லலாம். அது உள்ளே நுழைவதற்கான சீட்டு. உள்ளே வந்த பிறகு உடைந்த முட்டியைச் சரிசெய்ய மதிப்பெண் உதவாது.

பல்கலைக்கழகங்களுக்கு இவ்வளவு செலவு தாங்குமா என்று கேட்பார்கள். நாம் கேட்பது அமெரிக்க அளவுச் சம்பளமல்ல. கொடுக்கிற இருநூறு வெள்ளியும் எழுத்தில் இருக்கட்டும், கொடுக்காவிட்டால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு காகிதமும் மையும்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகனையோ மகளையோ ஓர் அணி அழைத்தால் ஜெர்சியைக் கையில் வாங்கும் முன், அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்குகிற நிர்வாகியின் அணிக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மாலைப் பயிற்சி நடத்துகிறவர்களே, உங்கள் குழுவை இந்த ஆண்டே காற்பந்துச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். யார் எந்த வயதில் உங்களிடம் பயிற்சி பெற்றான் என்பதை நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுவாரியாகக் குறித்து வையுங்கள். பங்கு கேட்கும் நாள் வரும்போது அந்த நோட்டுதான் உங்கள் ஆதாரம்.