குற்றமும் விலாசமும்

கொழும்பு வடக்கிலே பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தன் வீட்டு விலாசத்தை விடுத்து வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ உள்ள உறவினர் ஒருவரின் விலாசத்தை எழுதுவது புதுமையன்று. அவன்மேல் வழக்கெதுவும் இல்லை. பொலிஸ் நிலையத்தின் வாசற்படியைக்கூட அவன் மிதித்திருக்கமாட்டான். விண்ணப்பத்தைப் படிப்பவரின் மனத்தில் அவ்விலாசத்தைக் கண்டதும் எழும் தீர்ப்புக்கே அவன் அஞ்சுகின்றான். 'அந்தப் பக்கத்து ஆட்கள்' என்னும் சொற்றொடரிலே அத்தீர்ப்பு முழுவதும் அடங்கிவிடுகின்றது. மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், வனாத்தமுல்லை, முகத்துவாரம் முதலிய பெயர்கள் பத்திரிகைத் தலைப்புகளிலே குற்றத்தின் மறுபெயர்கள் போலவே ஆளப்படுகின்றன. படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். உண்மையில் இத்தீர்ப்புக்குச் சமூகவியல் முலாம் பூசித் தருபவர்கள் அவர்களே.

நகரிலே குற்றம் எங்கும் ஒரேயளவாகப் பரவிக் கிடப்பதில்லை என்பதை மறுப்பதற்கில்லை. இதனை முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடிகள் சிக்காகோ நகரின் கிளிபோட் ஷோ, ஹென்றி மக்கே என்னும் இருவராவர். இளைஞர் நீதிமன்றப் பதிவேடுகளைக் கொண்டு, 1900 முதல் 1930கள் வரை வழக்குக்கு உட்பட்ட சிறுவர்களின் வீடுகளை அவர்கள் நகரின் வரைபடத்திலே குறித்தனர். நகர மையத்தையும் தொழிற்சாலைகளையும் அண்டிய பகுதிகளில் விகிதம் மிக உயர்ந்தும், வெளிநோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்பட்டது. 1942 இல் நூலாக வெளிவந்த இவ்வாய்வின் உயிர்நிலை இதுவன்று. அப்பகுதிகளிலே முதலில் ஜேர்மானியரும் அயர்லாந்தவரும் ஸ்கண்டிநேவியரும் வாழ்ந்தனர். அவர்கள் வசதி பெற்று வெளியேறியபின் போலந்தவரும் இத்தாலியரும் குடிபுகுந்தனர். குடிகள் மாறியபோதும் குற்ற விகிதம் அவ்விடங்களிலே உயர்ந்தே நின்றது. வெளியேறியோரின் பிள்ளைகளிடையே அது வீழ்ச்சியுற்றது.

இனத்தையும் குலத்தையும் வளர்ப்பையும் குற்றத்துக்குக் காரணங்காட்டுவோரின் வாதம் இந்த ஒரு சான்றினாலேயே சரிந்துவிடுகின்றது. ஆயினும் அவ்வாய்வாளர் கண்ட விடை போதுமானதன்று. 'சமூகச் சீர்குலைவு' எனப் பெயரிட்டு அவர்கள் அமைந்துவிட்டனர். அப்பெயருங்கூட முற்றிலும் பொருந்துவதன்று: பொஸ்ரன் நகரின் இத்தாலியர் சேரியொன்றிலே 1930களின் இறுதியில் தங்கியிருந்து ஆராய்ந்த வில்லியம் வைற், அங்கே வெளியாரின் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒழுங்கு நிலவியதை 1943 இல் எழுதிக் காட்டினார். அந்த இடத்தை அவ்வாறு ஆக்கியவர் யார் என்பதே கேட்கப்படவேண்டிய வினா. அமெரிக்காவிலே அதற்கான விடை அரசாங்கத்தின் கோப்புகளிலேயே உள்ளது. 1930களின் பிற்பகுதியில் வீட்டுக்கடனுக்கான கூட்டாட்சி நிறுவனமொன்று நகரங்களைத் தரம்பிரித்து வரைந்த படங்களிலே, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் செந்நிறம் பெற்றன. வீட்டுக்கடன் அப்பகுதிகளை எட்டிப்பார்க்கவில்லை. பின்னர் 1962 அளவில் சிக்காகோவின் தென்புறத்திலே 16 மாடிகள் கொண்ட 28 கட்டடங்களை எழுப்பி, வறிய கறுப்பின மக்களை அவற்றிலே குவித்தனர். சில தசாப்தங்களுள் அக்கட்டடங்களே குற்றத்தின் உறைவிடம் எனப் பெயர் சூட்டப்பட்டு, 2007 அளவில் அனைத்தும் தகர்க்கப்பட்டன. குவித்த கைக்கு எவ்வித தண்டனையும் இல்லை.

'அந்தப் பக்கம்' என்ற பேச்சுக்கு இதனினும் பலத்த அடி 1989 இல் விழுந்தது. லோறன்ஸ் ஷேர்மனும் அவருடைய சகாக்களும் மினியாப்பொலிஸ் நகரிலே ஓராண்டில் பொலிசாருக்கு வந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகளை, பகுதி பகுதியாக அன்றி விலாசம் விலாசமாக எண்ணினர். நகரின் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட விலாசங்களிலும் சந்திகளிலும் ஏறத்தாழ 3 சதவீதமானவை மட்டுமே அவ்வழைப்புகளில் அரைவாசிக்குக் காரணமாக இருந்தன. ஒரு மதுச்சாலை, ஒரு பஸ் தரிப்பிடம், விளக்கில்லாத ஒரு மூலை, பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடம் போன்ற சிற்றிடங்களிலேயே குற்றம் செறிகின்றது. 'கெட்ட பகுதி' எனப்படுவதிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியானவை. அங்குள்ளோர் காலையில் எழுந்து வேலைக்குச் சென்று இரவில் கதவைத் தாழிட்டு உறங்குபவர்கள். பிற நகரங்களில் நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதே முடிவைத் தந்துள்ளன. ஒரு மூலைக்கு உரிய பழி ஓர் ஊரின்மேல் சுமத்தப்படுவதை இவை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.

இனிக் கொழும்பை நோக்குவோம். வடகொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளைத் 'தோட்டம்' என்கின்றனர். ஒரு மரத்துக்கு இடமில்லாத இடத்துக்கு அப்பெயர் வந்த கதையிலேயே அதன் வரலாறு முழுவதும் உள்ளது. கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் ஒருகாலத்திலே செல்வரின் மாளிகைகள் நிறைந்த இடங்கள். 1875 இல் தொடங்கிய அலைதடுப்பு அணையோடு துறைமுகம் விரிந்தது. சரக்கும் புகையும் சத்தமும் பெருகின. செல்வர் கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மாளிகைகளின் தோட்டங்களிலே வரிசை வீடுகள் எழுந்து, துறைமுகத் தொழிலாளருக்கு வாடகைக்கு விடப்பட்டன. ஒரு குழாயை எத்தனையோ குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. உழைப்பு நகரத்துக்குத் தேவைப்பட்டது. உழைத்தவனின் உறைவிடத்தை நகரம் தன் கணக்கிலே சேர்க்கவில்லை.

2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. வீடமைப்பைப் பாதுகாப்புப் பிரச்சினையாக அரசே வரையறுத்த செயல் அது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியிலே இராணுவத்தினர் சூழ நிற்க வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெமட்டகொடை, மட்டக்குளி முதலிய இடங்களின் மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அவர்கள் விட்டகன்ற நிலத்தின் பெறுமதி என்ன, அது யார் கைக்குச் சென்றது என்பவை ஒருபுறமிருக்க, சிக்காகோ கட்டித் தகர்த்த அதே திட்டத்தைக் கொழும்பு அபிவிருத்தி என்று அழைப்பது விந்தையே. முற்றத்திலே அப்பம் சுட்டு விற்ற பெண்ணுக்குப் பதினோராம் மாடியில் யார் வாடிக்கையாளர்? அக்கம்பக்கத்தாரின் கண்ணே முன்னர் காவலாக இருந்தது; மாடிப்படிகளுக்கும் மின்தூக்கிக்கும் அத்தகைய கண்ணில்லை.

குற்றம் என எதனை எண்ணுகின்றனர் என்பதும் இங்கே வினவத்தக்கது. எட்வின் சதர்லாந்து கனவான்களின் குற்றங்களைப் பற்றி 1939 இல் பேசியும் 1949 இல் நூல் எழுதியும், குற்ற வரைபடங்கள் இற்றைவரை சந்தியிலே சங்கிலி அறுப்பதையே குறிக்கின்றன. 2015 பெப்ரவரி 27 இல் நடந்த திறைசேரி முறி ஏலத்தை விசாரிக்க 2017 இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அந்த ஏலம் நடந்த மத்திய வங்கி கோட்டையிலே உள்ளது. அதற்காகக் கோட்டையைக் 'குற்றப் பிரதேசம்' என எவரும் அழைத்ததில்லை. அங்குப் பணிபுரிவோர் தம் விலாசத்தை மறைப்பதுமில்லை.

இவ்வாதத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும்: தோட்டங்களிலே போதைப்பொருள் விற்பவர் இல்லையா, அங்கு வாழ்வோரே அதனால் அழிகின்றனர் அல்லவா? உண்மைதான். கள்வனுக்கும் போதைப்பொருளுக்கும் முதற் பலியாவோர் அம்மக்களே. அழைத்தபோது வரும் பொலிசை அவர்கள் வேண்டுகின்றனர். அவர்களுக்குக் கிடைப்பதோ அழையாமல் நள்ளிரவில் வந்து அத்தனை பேரையும் சந்தேகநபராக்கும் பொலிஸ். 2023 டிசம்பர் 17 இல் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையிலே சில வாரங்களுள் 20,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். வறியோரே குறிப்பாக இலக்காகின்றனர் எனவும், பிடியாணை இன்றிச் சோதனைகள் நடக்கின்றன எனவும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2024 ஜனவரியில் கவலை தெரிவித்தது. நடவடிக்கையைக் கைதட்டி வரவேற்றோருள் தமிழரும் இருந்தனர்.

2007 ஜூன் 7 ஆம் நாள் அதிகாலையிலே கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தக்க காரணமின்றித் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மேல் சொல்லப்பட்ட குறை. ஒருவர்மேலும் குற்றம் நிறுவப்படவில்லை. தங்கிய இடமும் வந்த ஊருமே சான்றாயின. மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். தமிழர் அனைவரும் அன்று கொதித்தெழுந்தனர், அது நியாயமே. அவ்விடுதிக் கதவுகளை அன்று தட்டிய வாதத்துக்கும், கிராண்ட்பாஸ் தோட்டமொன்றின் கதவை 2023 இல் தட்டிய வாதத்துக்கும் என்ன வேறுபாடு என்பதை, பின்னதை வரவேற்ற தமிழ்க் கனவான்கள் சொல்லட்டும்.